புஷ் என்றால் இழு

"பாத்துக்கிட்டே இருங்க, இப்ப இழுப்பான்" என்றார் அதெமார்.

சொல்லி வாய் மூடவில்லை. பனிக் கோட்டும் காதுவரை தொப்பியுமாக வந்த ஆள் பேக்கரியின் கண்ணாடிக் கதவைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். கதவு அசைந்து கொடுக்கவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தான். கைப்பிடி கிறீச்சிட்டது. அவன் மூக்குக்கு நேரே, கொட்டை எழுத்தில், ஆங்கிலத்தில் 'புஷ்' என்று ஒட்டியிருக்கிறது. மூன்றாவது தரம்தான் விஷயம் மண்டையில் ஏறி, தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தான். விழுந்த வேகத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு காலை வணக்கம் வேறு.

"காலையிலேர்ந்து வந்தது ஏழு பேரு, இழுத்தது அஞ்சு பேரு" என்று அதெமார் காபியை உறிஞ்சினார். "இன்னைக்குப் பரவாயில்ல."

அமெரிக்காவின் ஃபிரேமிங்காமில் இந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர்களும் கடைக்கு வருபவர்களும் முக்கால்வாசி பிரேசில்காரர்கள். அதிலும் பாதிப் பேர் மினாஸ் மாநிலத்து வலதாரிஸ் ஊர்க்காரர்கள். அவர்கள் பேசும் போர்த்துகீசில் 'புஷி' என்றால் இழு. ஊரில் கடைக்குக் கடை அதைத்தான் ஒட்டியிருப்பார்கள். இழுத்து இழுத்தே வளர்ந்த கை. இங்கே வந்தால் இங்கிலீஷ்காரன் அதே சத்தத்தை எடுத்து நேர் எதிர் வேலைக்கு வைத்திருக்கிறான். வந்து இருபது வருஷம் ஆனவர், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர், வங்கியில் வேலை பார்ப்பவர் எல்லாருக்கும் இதே கதிதான். கண் படித்து மூளைக்குச் சொல்வதற்குள் கை இழுத்துவிடும்.

அதெமாருக்கு நாற்பத்தெட்டு வயது. கதவு பழுதுபார்ப்பது தொழில். கண்ணாடிக் கதவு, இரும்புக் கதவு, கீல், கைப்பிடி, கதவு தானாகச் சாத்திக்கொள்ள மேலே மாட்டியிருக்குமே அந்த டோர் குளோசர், எல்லாம் அவர் கைக்கு அத்துப்படி. "என் சோத்துல பாதியை அந்த ஒத்த வார்த்தைதான் போடுது" என்பார். உண்மைதான். இந்தப் பேக்கரியில் மட்டும் மூன்றாவது கைப்பிடி இது.

"ஏய் அதெமாரு, இழுக்கற மாதிரியே கதவைத் திருப்பி மாட்டித் தொலையேன்" என்று கல்லாவிலிருந்து தோனா ஜுல்மிரா கத்துவாள். கடைக்காரி; 'தோனா' என்றால் அவர்கள் பாஷையில் அம்மணி. வாய் ஓயாது, அடுப்பும் ஓயாது.

"வெளிய நடைபாதை, தோனா. இழுத்தா போறவன் மூக்கு உடையும். அப்புறம் கைப்பிடி மாத்தறதுக்குப் பதிலா மூக்கு மாத்தணும்."

ஆனால் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளவும் ஒருமுறை துணிந்தார் மனிதர். மூன்றாவது கைப்பிடியைப் போட்ட கையோடு, விரித்த உள்ளங்கை ஒன்றைத் தானே வரைந்து 'புஷ்' என்பதற்குக் கீழே ஒட்டினார், இனாமாக. கையைப் பார்த்தால் தள்ளத் தோன்றும் என்பது அவர் கணக்கு. வந்தவர்களுக்கோ அது 'நில்' என்று சொல்வதாகப் பட்டது. அரை மணி நேரத்தில் கடைக்கு வெளியே பனியில் ஒன்பது பேர் பொறுமையாக வரிசையில் நின்றார்கள். ஜுல்மிரா துடைப்பத்தோடு வெளியே வந்து, "மாதாவே! என் கடை என்ன தூதரகமா?" என்று கேட்டு அந்தக் கையைப் பிய்த்து எறிந்தாள்.

எந்தக் கதவையும் சும்மா கடக்க அவரால் முடியாது. திறந்து, விட்டு, அது சாத்திக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்பார். சட்டைப் பையில் சின்னத் திருப்புளி எப்போதும் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதும். பாதிரியார் பிரசங்கத்தில் நரகத்தை வர்ணித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஸ்டூல் போட்டு ஏறிக் கதவில் திருகு முடுக்கிய ஆள் அவர். "படார்னு சாத்தற கதவு இருக்கே, அது வர்றவனைத் திட்டுது" என்பது அவர் கட்சி. படார் என்ற சத்தம் கேட்டால் முகமே மாறிவிடும். அதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் வருகிறது.

அவருடைய வேனின் பின்கதவைத் திறந்தால் உட்புறம் முழுக்க மார்க்கர் பேனாவால் கிறுக்கியிருக்கும். எல்லாம் 'புஷ்'தான். அந்தச் சொல்லிடம் எங்கெங்கே அடிபட்டாரோ அதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். பட்டனை அழுத்துவதும் புஷ். தரையில் கவிழ்ந்து எடுக்கும் தண்டாலும் புஷ்ஷில் சேர்த்தி. ஒரு வீட்டுக்கார அம்மாள், வேலை முடிவதற்குள் அடுத்த வேலைக்கு அடிபோட்ட இவரைப் பார்த்து "நீ ரொம்ப புஷி" என்றாள். ஆளை இழுக்கிற மாதிரி வசீகரமாக இருக்கிறோம் போலிருக்கிறது என்று நினைத்து மூன்று முறை நன்றி சொல்லிவிட்டு வந்தார். வேனில் அதற்குப் பக்கத்தில் 'நச்சரிப்பவன்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறது. வயது ஐம்பதை நெருங்குவதற்கும் இங்கிலீஷில் ஐம்பதைப் புஷ் பண்ணுவது என்றுதான் பேர். "ஐம்பதை நான் எங்க தள்ளறேன், அதுல்ல என்னைத் தள்ளுது" என்று அதையும் எழுதினார்.

அந்தப் பட்டியலில் ஒன்று மட்டும் சிவப்பு மையில் இருக்கும். அதைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால் அவர் எழுந்து போய்விடுவார்.

நடந்தது இது. மனைவி சிலேனிக்கு ஏழாம் மாதம். பன்னிரண்டாம் தேதி ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, தேதி ஒரு வாரம் 'புஷ் பேக்' ஆகிவிட்டது என்றாள். அதெமார் பெரிய மனுஷனாக "தேங்க்யூ, தேங்க்யூ" என்று வைத்தார். இங்கிலீஷ்காரனுக்கு அது ஒரு வாரம் தள்ளிப் போவது. அதெமாரின் காதுக்கோ ஒரு வாரம் முன்னால் இழுத்துக்கொண்டது. ஐந்தாம் தேதி காலையிலேயே சிலேனியை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார். வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, இவர்களைப் பார்த்து, மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்து, "ரெண்டு வாரம் முன்னாடியே வந்துட்டீங்களே" என்றாள்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது சிலேனி கேட்டாள்: "வயித்துல இருக்கறதையும் இப்படித்தான் ரெண்டு வாரம் முன்னாடியே இழுத்துடுவியா, மனுசா?"

அவளுக்குக் கோபத்தைவிடப் பயம் அதிகம். அவள், மகள் தாய்னாராவோடு, இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. இங்கிலீஷில் "எவ்வளவு", "நன்றி", "பிளாஸ்டிக் பை வேண்டாம்" என்ற மூன்றும் தெரியும். ஆஸ்பத்திரிப் படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டிருந்த இடத்தில் அதெமார் 'வேண்டாம்' என்று அடித்திருந்தார்.

"உன் இங்கிலீஷை நம்பி அங்க போய்ப் படுக்கச் சொல்றியா?" என்று சிலேனி மூக்கைச் சிந்தினாள்.

"நான் இருக்கேன்ல? அந்த ரூம்ல உன் வாயி நான்தான். இன்னொருத்தன் எதுக்கு நடுவுல?"

வீம்புதான். ஆனால் வெறும் வீம்பென்று தள்ளவும் மனம் வரவில்லை. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் தாய்னாரா வலதாரிஸில் பிறந்தபோது அதெமார் இங்கே ஒரு பெயின்டருக்கு ஏணி பிடித்துக்கொண்டிருந்தார். கதவு வேலைக்கு இன்னும் வரவில்லை. அங்கே ஆபரேஷன் நடக்கிற அறை வாசலில் மச்சினிச்சி கதவிடுக்கில் போனை நீட்டிப் பிடித்திருந்தாள், பிள்ளை அழுகிற முதல் சத்தம் அவர் காதில் விழட்டும் என்று. யாரோ நர்ஸ் அவசரமாக உள்ளே போனாள். கதவு அவள் பின்னால் படாரென்று சாத்திக்கொண்டது. அவர் கேட்டது அந்தப் படாரை மட்டும்தான். மறுபடி கதவு திறந்தபோது பிள்ளை அழுது ஓய்ந்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். அவர் இதை யாரிடமும் முழுசாகச் சொல்லமாட்டார். "இந்தத் தடவை நான் கதவுக்கு உள்பக்கம் நிப்பேன்" என்று மட்டும் சொல்வார். உள்பக்கம் நின்றால் போதாது, அங்கே ஒரு உபயோகமாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

பிரசவ அறையில் டாக்டர் என்ன சொல்வார் என்று விசாரித்தார். 'புஷ்' என்பார்களாம். அந்த நேரத்தில் இவள் அதைப் 'புஷி' என்று கேட்டு, தள்ள வேண்டியதை உள்ளே இழுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

அன்றைக்கே பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. சமையலறையில் சிலேனி பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருப்பாள், பின்னாலிருந்து "புஷ்!" என்று ஒரு குரல் வரும். அவள் கையில் கிடைத்ததை இழுப்பாள். ஒருமுறை குளிர்பெட்டிக் கதவு, ஒருமுறை மேசை விரிப்பு, அதன்மேல் இருந்த காபிக் குடுவையோடு. "இழுக்காதே, தள்ளு! எம்பூஹா!" என்று அதெமார் தம் பாஷையில் கத்துவார். தள்ளு என்பதற்கு அவர்கள் சொல் அது. வீட்டில் தள்ளத் தக்க பொருள் அத்தனையிலும் 'புஷ்' சீட்டு ஒட்டினார். நாய்க்குட்டியின் மேல் ஒட்டப்போய் அது கடித்துவிட்டது.

"அப்பா, அம்மா என்ன கதவா பெத்துக்கப் போறாங்க?" என்றாள் தாய்னாரா.

"நீ பேசாதடி. உனக்கு ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்க. உங்கம்மாவுக்கு நான்தான் ஸ்கூலு."

மூன்றாவது வாரம் சிலேனி தேறிவிட்டாள். தூக்கத்தில் 'புஷ்' என்றாலும் இரண்டு கையையும் நீட்டி எதையாவது தள்ளினாள். இரண்டு தடவை அதெமாரே கட்டிலிலிருந்து விழுந்தார். விழுந்த இடத்திலிருந்து பெருமையாகச் சிரித்தார்.

மார்ச் மாதம், சனிக்கிழமை காலை. வலி எடுத்து, வேனில் போய்ச் சேர்ந்து, எல்லாம் முறைப்படி நடந்தது. அதெமார் அறைக்குள்ளேயே நின்றார், கதவுக்கு உள்பக்கம், சட்டைப் பையில் திருப்புளியோடு. நர்ஸ் மோரீன் என்று ஒரு அம்மாள்; வயது அறுபது இருக்கும், வாட்டசாட்டமான உடம்பு, வெண்கலத் தொண்டை. பதினோரு மணிக்கு அவள் சிலேனியின் முழங்காலருகே குனிந்து, "புஷ், கண்ணு, புஷ்!" என்றாள்.

சிலேனி இரண்டு கையையும் நீட்டி மோரீனின் நெஞ்சில் வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். மூன்று வாரப் பயிற்சி வீண்போகவில்லை. மோரீன் இரண்டடி பின்னால் போய்த் தட்டு வண்டியில் முட்டி நின்றாள்.

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் இவ்வளவு ஜோரா தள்ளினதில்ல" என்றாள் மோரீன். சிரித்தாலும் கண் மானிட்டரில் இருந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பிள்ளையோட இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்குது. இன்னும் ரெண்டு மூணு தரம் பார்க்கலாம், அதுக்கு மேல முடியாது. கையால இல்ல, வயித்தால முக்கணும்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்று அதெமாரைப் பார்த்தாள்.

அதெமார் வாயைத் திறந்தார். இங்கிலீஷில் கதவைத் தள்ளுவதும் புஷ், பிள்ளைக்கு முக்குவதும் புஷ் என்பது வேனின் பின்கதவில் எங்கேயும் எழுதவில்லை. தம் பாஷையில் அதற்கு என்ன சொல் என்று நெஞ்சைத் துழாவினார். அவர் எந்தப் பிரசவத்தைப் பார்த்தார்? தாய்னாரா கத்தி போட்டுப் பிறந்தவள். முக்குவது சிலேனிக்கே இதுதான் முதல் தடவை. கடைசியில் பழகிய சொல்தான் வந்தது.

"எம்பூஹா, சிலேனி! எம்பூஹா!"

அவள் அவரைத் தள்ளினாள். சுவரில் போய் மோதினார்.

"தள்ளிட்டேனே! இன்னும் என்னத்தைத்தான் தள்ளச் சொல்ற, பாவி!" என்று சிலேனி அலறினாள். மோரீன் மொழிபெயர்ப்பாளருக்குப் போன் போட ஆளை அனுப்பினாள். மொழிபெயர்ப்பாளர் வர நேரமாகும் என்றார்கள். அந்த ஒரு நிமிஷம் அதெமார் பட்ட பாடு சொல்லி முடியாது. 'வேண்டாம்' என்று அடித்த அந்தக் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அடுத்த வலி வந்தது. சிலேனியின் முகம் மாறியது. கண்ணை மூடி, பல்லைக் கடித்து, அடித்தொண்டையில் சொன்னாள்: "புஷு... வருது... புஷு!"

"புஷி இல்லடி, புஷ்! இழுக்காத!" என்று அதெமார் பதறினார்.

"கதவை விடு, மனுசா! புஷு! புஷு வருதுங்கறேன்!"

அது கதவுக்காரர்கள் அறியாத சொல். பிள்ளை வெளியே வரும் நேரம் அடிவயிற்றிலிருந்து தானாகப் பொங்கி வருகிற முக்கலுக்கு அவள் ஊர்ப் பெண்கள் 'புஷு' என்பார்கள். சிலேனியின் அம்மாவும் சித்திகளும் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டே பேசும்போது, ஆண்கள் இல்லாத நேரம் பார்த்துப் புழங்குகிற சொல். பதினாலு வருஷம் புஷ்ஷைத் துரத்தித் துரத்தி எழுதிய அதெமாரின் காதில் ஒருநாளும் அது விழுந்ததில்லை.

மோரீனுக்கு விழுந்தது. "ஆமா! புஷ்! அதேதான், புஷ்!" என்று அவள் குதித்தாள்.

"புஷு!" என்றாள் சிலேனி.

"புஷ்!" என்றாள் மோரீன்.

ஒரு இங்கிலீஷ்காரியும் ஒரு மினாஸ்காரியும் ஒரே சொல்லை மாற்றி மாற்றிக் கத்தினார்கள். இரண்டு பேருக்கும் அது அட்சரம் பிசகாமல் விளங்கியது. நடுவில் மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை. அதெமார் சுவரோடு சுவராக, கை தொங்க நின்றார். நமக்கு இங்கே வேலை இல்லை போலிருக்கிறது என்று அவர் அரையடி நகர்ந்ததுதான் தாமதம், சிலேனியின் கை வந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது.

"எங்க போற? இங்க நில்லு!"

பிடித்தவள் இழுத்தாள். ஊரில் கடைக் கதவை இழுப்பதுபோல, காலை ஊன்றாத குறையாக இழுத்தாள். பட்டன் இரண்டு தெறித்தது. சட்டைப் பை கிழிந்து திருப்புளி கட்டிலடியில் உருண்டது. அவர் முகம் அவள் முகத்தோடு ஒட்டியது. அப்படியே ஒரு கையால் அவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உடம்பு மொத்தத்தாலும் முக்கினாள்.

இரண்டாவது புஷ்ஷில் பிள்ளை வந்துவிட்டது. பெண். அது வாயைத் திறந்து வீறிட்டது. அதெமாரின் இடது காதிலிருந்து இரண்டு முழ தூரம்கூட இருக்காது. நடுவில் போன் இல்லை, கதவு இல்லை. "உவாய்" என்றார் அவர். எதற்கெடுத்தாலும் மினாஸ்காரன் வாயில் வருகிற சொல் அதுதான். வேறு எந்தப் பாஷையிலும் அவருக்கு அப்போது ஒன்றும் வரவில்லை. குழந்தையைவிடச் சத்தமாக அழுதார்.

மத்தியானம் தாய்னாராவும் ஜுல்மிராவும் வந்தார்கள். ஜுல்மிரா ஒரு கூடை நிறைய, சூடு ஆறாத சீஸ் உருண்டை ரொட்டி கொண்டுவந்தாள். விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மூணு வாரம் கத்தினியே, கடைசில உன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்கூட உனக்குத் தெரியலியா?"

"தெரியலதான்" என்றார் அதெமார். இவ்வளவு சந்தோஷமாக அவர் ஒன்றை ஒப்புக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. எல்லாருக்கும் முதலாக மோரீனுக்கு ஒரு ரொட்டி கொடுத்தார். அவள் அதை வாயில் போட்டுக்கொண்டு, "புஷு" என்று சிலேனியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு வெளியே போனாள். அவள் பின்னால் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சிலேனியின் மார்மேல் தூங்கிய குழந்தை இரண்டு கையையும் விரித்துத் துள்ளியது.

அதெமாரின் முகம் மாறியது. கை சட்டைப் பைக்குப் போனது; பை இல்லை. குனிந்து கட்டிலடியிலிருந்து திருப்புளியை எடுத்தார். நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு ஏறினார்.

"அப்பா, இது ஆஸ்பத்திரி. திட்டப் போறாங்க" என்றாள் தாய்னாரா.

"நாற்காலியைப் பிடிடி."

குளோசரின் பக்கத்துத் திருகைக் கால் சுற்று முடுக்கினார். காதை வைத்துக் கேட்டார். இன்னும் அரைக்கால் சுற்று. இறங்கி வெளியே போய், கதவு முழுக்கச் சாத்திக்கொள்ளும்வரை தாழ்வாரத்தில் காத்து நின்றார். சத்தமே இல்லை. பிறகு, 'புஷ்' என்று எழுதியிருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தொடுவதுபோல, மெல்லத் தள்ளினார்.